இரண்டு வருடம் என்றால் எத்தனை வருடம்?

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பி.எஸ்சி. நர்சிங் முடித்தாள். சாந்தோமில் இருக்கிற நர்சிங் கவுன்சிலுக்குப் போய்ப் பதிவும் செய்துகொண்டாள். ஆவடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரெண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பக் கிடைக்குமாம். "கவர்மென்ட் வேலைக்கு எழுதலாமேம்மா" என்றேன். "அங்கேயும் அதே ரெண்டு வருஷம்தான் அங்கிள்" என்றாள். அது என்ன கணக்கு என்று தேட ஆரம்பித்தேன்.

சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-இல் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி என்பார்கள். ஆறு மாதப் பயிற்சி, நான்கு மாணவிகள். 1926-இல் மெட்ராஸ் செவிலியர், தாதியர் சட்டம் வந்தது. 1946-இல் போர் கமிட்டி எண்ணிப் பார்த்தபோதும் சுமார் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான். படித்து வெளியே வந்தவளுக்கு வேலை காத்திருந்த காலம் அது. இன்று பூந்தமல்லி சாலை பஸ்ஸில் காலையில் ஏறினால், வெள்ளைக் கோட்டுப் பெண்களுக்கு நடுவில் நிற்க இடம் இருக்காது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பற்றாக்குறை தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒருத்தி வேண்டாம் என்று போனால் அந்த இடத்துக்கு வர இன்னொருத்தி இருக்கிறாள், அவ்வளவுதான்.

அரசுப் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் உருவானது. 2015-இல் அது 7,243 நர்ஸ் இடங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. ஜெயித்து வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நாளுக்கு 256 ரூபாய் சொச்சம்! ரெண்டு வருஷம் ஆனால் நிரந்தரம் என்று நம்பித்தான் எல்லோரும் சேர்ந்தார்கள். ஆனால் நிரந்தரப் பணியிடம் காலியானால்தான் ஒருவர் அதில் ஏற முடியும். எங்கள் தொழிலில் இதை 'க்யூ' என்போம். ஆயிரக்கணக்கில் உள்ளே வந்து, சில நூறாக வெளியேறினால் வரிசை வளரத்தான் செய்யும். இதைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் தேவையில்லை.

2017 நவம்பர் 27-ஆம் தேதி, சொன்ன ரெண்டு வருஷம் முடிந்த நிலையில், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் நர்ஸுகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே வார்டு, ஒரே வேலை, சம்பளம் மட்டும் வேறு என்பதுதான் அவர்கள் குறை. சென்னை உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. பிறகு சம்பளம் 14,000 ஆனது, அப்புறம் 18,000. வரிசை மட்டும் கரையவில்லை. கொரோனா காலத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்து நீட்டித்துக்கொண்டே வந்த 2,300-க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-உடன் நிறுத்தியதும் இதே கதையின் இன்னொரு அத்தியாயம்.

தனியாருக்கும் ஒரு அளவுகோல் வந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் அமைந்த மத்திய கமிட்டி, 50 படுக்கைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. ஆனால் அது பரிந்துரைதான். கேரளத்தில் நர்ஸுகள் தொடர்ந்து போராடியதால் 2018-இல் அந்த 20,000 அரசாணையாகவே வந்தது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "இருபதாயிரமா!" என்று சிரித்தாள். நைட் டூட்டி முடித்து வந்திருந்தாள். சர்டிபிகேட் கைக்கு வர இன்னும் பதினோரு மாதம் இருக்கிறதாம். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.