படையாட்சி: ஒரு பட்டத்தின் பயணம்

போலந்து நாட்டிலே கோவால்ஸ்கி என்றொரு குடும்பப்பெயர் பெருவழக்காக இருக்கிறது. கருமான் என்று பொருள்படும் சொல்லினின்று பிறந்தது அது. அப்பெயர் தாங்கியவர் மருத்துவராயிருக்கலாம், பேராசிரியராயிருக்கலாம். பாட்டன் பட்டறையில் இரும்படித்தானா என்று அங்கே எவரும் துருவுவதில்லை. பெண் கொடுக்கத் தயங்குவதுமில்லை.

நம் அரியலூர், பெரம்பலூர்ச் சீமைக்கு வருவோம். கொள்ளிடத்திற்கு வடக்கே மழவர் வாழ்ந்த மண் இது. அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயர் எனப்பட்டனர். உடையார்பாளையத்தார் காலாட்கள் தோழ உடையார் எனப்பட்டனர். பாளையம் ஆண்டவர்க்கு அவை அரண்மனைப் பட்டங்கள். ஆனால், ஏர் பிடித்த எளிய வன்னியக் குடியானவன் பெயரோடும் ஒரு பட்டம் ஒட்டியிருந்தது: படையாட்சி. படையை ஆள்பவன் என்று பொருள்! ஆள ஒரு காணி நிலமும் இல்லாதவனுக்குப் படையை ஆளும் பெயர்! வயிறு காய்ந்தபோது அந்தப் பட்டம் ஒரு பிடி கேழ்வரகையாவது கொண்டுவந்து கொடுத்ததா?

கொடுக்கவில்லை. அதனாற்றான் கப்பலேறினர். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் தமிழர் தொகை பெரிது. கப்பற் பதிவேட்டிலே ஆளுக்கோர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு. படைத்தலைவன் கரும்புத் தோட்டத்தில் எண்ணாகி நின்றான்!

வெள்ளையர் ஆட்சி ஆவணங்களுக்குக் குடும்பப்பெயர் தேவைப்பட்டது. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தே போதும்; குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லை. ஆகவே பட்டமே குடும்பப்பெயராய் உறைந்துவிட்டது. இங்கே ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த படையாட்சி, அங்கே பெண்களின் பெயரோடும் சேர்ந்தது. தென்னாப்பிரிக்க இந்தியரிடையே இன்று நன்கறிந்த பெயர்களுள் அது ஒன்று. மொரிசியசில் 2019 முதல் 2024 வரை நிதியமைச்சராயிருந்தவரும் ஒரு படையாட்சியே. சத்தியாக்கிரகச் சிறையில் வாடி, 1909 சூலையில் உயிர்நீத்த இளைஞன் நாகப்பன் படையாட்சியின் நினைவுக்கல் சோகனசுபர்க்கிலே நிற்கிறது. அவன் எந்தப் படையையும் ஆளவில்லை. அரசு ஒன்றை எதிர்த்து நின்றான்.

கடலுக்கு இப்பாலோ, வேறு கதை நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே வரும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. சவுந்தரபாண்டியனார் போன்றோர் தம் பட்டத்தைத் துறந்து வழிகாட்டினர். துறப்பது எளிதன்று, தோழர்களே! 1951-இல் தென் ஆர்க்காட்டில் உழைப்பாளர் கட்சி கண்ட இராமசாமியாரை நாடு படையாட்சியார் என்றே அழைத்தது. பின்தங்கிய மக்கள் தலைநிமிர ஒரு பட்டம் பற்றுக்கோடாய் இருந்ததையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதே பட்டம் சேரியைப் பார்க்கும்போது வேலியாகிவிடுகிறதே, அதற்கென்ன விடை?

டர்பனிலே படையாட்சி என்றால் அஞ்சற்காரர் வீட்டை அடையாளம் காண்கிறார். அரியலூரிலே அச்சொல்லைக் கேட்டதும் எந்தத் தெரு என்பது தெரிந்துவிடுகிறது. நம் பள்ளிப் பதிவேடுகளில் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னே பட்டம் காண்பது இன்று அரிது, முதலெழுத்தோடு சரி. திருமண அழைப்பிதழில் மட்டும், பாட்டனார் பெயருக்குப் பின்னே, படைத்தலைவர் மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.