கடற்கரி, அடுப்புக்கரி, நிலக்கரி

குறிஞ்சிப்பாடியில் எங்கள் வங்கிக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், “அடுப்புக்கரி விலை ஏறிப்போச்சு சார்” என்றார். வெறுமனே கரி என்று அவர் சொல்லாதது கவனத்தில் பட்டது. நெய்வேலி பக்கத்திலிருக்க, இங்கே கரி என்றால் சுரங்கத்துக் கரிதான். பழைய கரிக்கு ஒரு அடைமொழி தேவைப்பட்டுவிட்டது.

ஆங்கிலத்திலும் இதுதான் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘கோல்’ என்பது தணல், அல்லது விறகை மூட்டம் போட்டு எடுத்த கரி. வடகிழக்குக் கரையிலிருந்து கப்பலில் லண்டனுக்கு வந்த கனிமத்தை 13ஆம் நூற்றாண்டில் ‘ஸீகோல்’, அதாவது கடற்கரி, என்றார்கள். அடைமொழி அப்போது புதிதாய் வந்ததற்கு. விறகு அருகி, அடுப்புகளெல்லாம் இதற்கு மாறியபின், அது கடலை உதறிவிட்டு வெறும் ‘கோல்’ ஆயிற்று. மரத்தின் கரிக்கு, 14ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவந்த ‘சார்கோல்’ என்ற கூட்டுச்சொல்தான் மிஞ்சியது.

அதன் முதல் பாதி ‘கருக்கு’ என்ற வினை என்றே பி.ஏ. படித்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். ஆனால் அந்த வினை 17ஆம் நூற்றாண்டில், இந்தக் கூட்டுச்சொல்லிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டது. மூலத்தில் இருந்தது ‘திரும்பு’ என்ற பொருளுள்ள, வழக்கொழிந்த ஒரு வினையாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். மரம் கரியாய்த் திரும்புகிறது.

‘லிக்னைட்’டிலும் மரம் இருக்கிறது. லத்தீனில் ‘லிக்னம்’ என்றால் விறகு. நம்முடைய ‘பழுப்பு நிலக்கரி’ மரத்தை விட்டுவிட்டு, ‘பிரௌன் கோல்’ என்பதன் நிறத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று அதில் சேர்ந்திருக்கிறது: நிலம்.

நெய்வேலி நிறுவனம் ஏற்பட்டது 1956இல். கரி வெளிப்பட்டது 1961இல். சுரங்கம் விரிய விரிய ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். பயிர் நட்டவர்களுக்கு அது வயலாகவே இருந்தது.

ஆங்கிலம் கடலை இழந்தது போல நம் பேச்சு நிலத்தை இழந்துகொண்டிருக்கிறது. சுருக்கம் பேச்சின் இயல்பு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பழந்தமிழில் கரி என்றால் சாட்சி. வள்ளுவரிடம் அந்தப் பிரயோகம் உண்டு. இரண்டும் வேறு வேறு சொற்களாகவே இருக்கட்டும். நான் இனி நிலக்கரி என்று முழுதாகவே சொல்லப் போகிறேன்.