கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது

ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். வேலையில் பல வருடம் ஊறிய பிறகு, வார இறுதியில் வகுப்பு நடக்கும் எம்.பி.ஏ. படிப்பில் சேர்ந்திருக்கிறேன். நிர்வாகத்தில் இருப்பவர்கள் வேலையை விடாமல் படிக்கும் இந்த வகைப் படிப்பை 1943-இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கியது. நம் பக்கத்திலும் இப்போது உண்டு. புதுக்கோட்டைக்காரரான பேராசிரியர் பாலா பாலச்சந்திரன் 2004-இல் தொடங்கிய கிரேட் லேக்ஸ் கல்வி நிறுவனம் கல்பாக்கத்துக்கு அருகே மணமையில் இருக்கிறது.

நிதி, செலவுக் கணக்கு, உற்பத்தி, சந்தை, மனிதவளம் என்று பாடங்கள் வரிசையாக வரும். என்னைப் பிடித்து உட்கார வைத்தது கார்ப்பரேட் கவர்னன்ஸ். ஊரார் பணத்தை ஒருவர் கையில் கொடுத்தால் அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கணக்குக் கேட்பது, தவறினால் எப்படி இறக்குவது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். இதே மூன்று கேள்விகளுக்கும் உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு அருகே, வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் கல்லில் பதில் இருக்கிறது. சின்ன வயதில் அந்தச் சுவரை ஒட்டி நடந்தே பள்ளிக்கூடம் போனோம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குக் குடவோலை என்று பெயர் என ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்ததோடு சரி.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், உத்தரமேரு சதுர்வேதிமங்கலத்துச் சபை தன் வாரியங்களை எப்படி அமைப்பது என்று விதி எழுதியது. இரண்டே வருடத்தில், 921-இல், அதையே திருத்தி மறுபடி எழுதியது. முதலில் வயது வரம்பு 30 முதல் 60. பிறகு 35 முதல் 70. உறவு பற்றிய விதி நீளமான பட்டியலாகிவிட்டது. என்னைக் கேட்டால், குடவோலையை விட இந்தத் திருத்தம்தான் பெரிய செய்தி. நடைமுறையில் அடிபட்ட பிறகுதான் ஒரு விதி இவ்வளவு நுணுக்கமாகும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தணிக்கைக்கும் பிறகு எங்கள் கொள்முதல் விதிப் புத்தகம் தடிப்பதைப் பார்த்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது. அவரோடு அது நிற்கவில்லை. அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனர், உடன்பிறந்தாளின் கணவர், மருமகன், தகப்பன், மகன் என்று ஒருவர் விடாமல் கல் அடுக்குகிறது. இவர்கள் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது.

எங்கள் நிறுவனத்தில் வருடா வருடம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன்: என் உறவினர் யாரும் எங்களுக்குச் சரக்குக் கொடுக்கவில்லை என்று. உறவினர் என்றால் யார்? 2013 கம்பெனிகள் சட்டத்தின் பட்டியல் கணவன் மனைவி, பெற்றோர், மக்கள், மக்களின் துணை, உடன்பிறந்தோர் என்ற அளவில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அத்தை மகனும் மைத்துனரும் அதில் இல்லை. நம் ஊரில் காண்டிராக்ட் யார் பெயரில் எடுக்கப்படும் என்று தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் கல்லில் இருப்பதுதான்.

வகுப்பில் சத்யம் நிறுவனத்தின் கதையைப் படித்தோம். 2008 டிசம்பரில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு தன் மகன்கள் நடத்திய இரண்டு கம்பெனிகளை சத்யத்தின் பணத்தில் வாங்கப் பார்த்தார். பங்குதாரர்கள் எதிர்த்ததால் கைவிட்டார். 2009 ஜனவரி 7-ஆம் தேதி, கணக்கே பல வருடமாகப் பொய் என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். உறவும் கணக்கும் ஒரே முடிச்சில் கிடந்த அந்த விவகாரத்தைப் படித்த வாரம் நான் மண்டபத்துக்குப் போய் வெகுநேரம் அந்தக் கல்லின் முன் நின்றேன்.

இன்னொரு ஒற்றுமை என்னை வியக்க வைத்தது. சுயேச்சை இயக்குநராகத் தொடர்ந்து இரண்டு முறை இருந்தவர், மூன்று வருடம் விலகி இருந்த பிறகே மறுபடி அந்த நாற்காலிக்கு வரலாம் என்கிறது 2013 சட்டம். கடந்த மூன்று வருடத்தில் எந்த வாரியத்திலும் இல்லாதவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்கிறது கல்வெட்டு.

கணக்கெழுதுபவருக்கும் விதி உண்டு. நேர்மையாகப் பொருள் ஈட்டியவரே எழுத வேண்டும். எழுதியதைச் சபைப் பெரியவர்களிடம் காட்டி, சுத்தமானவர் என்று பெயர் வாங்காமல் அடுத்த கணக்கில் கை வைக்க முடியாது. தான் எழுதியதைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கர் புகுந்து முடித்துக் கொடுக்கக்கூடாது.

அனுபவத்துக்கும் இடம் இருந்தது. ஊரின் முப்பது குடும்புகளில், அதாவது வார்டுகளில், ஒவ்வொன்றுக்கும் ஒருவராக முப்பது பேர். அவர்களில் ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், கற்றவர்கள், மூத்தவர்கள் என்று 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்குப் போனார்கள். மிச்சம் பேரில் 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. ஓலை எடுக்கும் முறையிலும் கண்காணிப்புதான். எல்லோரும் பார்க்க, நம்பிமார் எனப்படும் கோயில் பூசாரிகளில் மூத்தவர் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுப்பான். மத்யஸ்தன் என்ற நடுவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பார். அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிப்பார்கள். கைக்குள் ஒரு ஓலையை மறைக்க வழியே இல்லை.

இந்தக் கல்வெட்டை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டி. பிரகாசம் எடுத்துச் சொன்னார். 2020-இல் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவிலும் உத்திரமேரூர் பேசப்பட்டது. இது மக்களாட்சி என்று நாங்கள் பெருமைப்படுகிறோம். ஆனால் அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஏரி நீரில் நாற்று நட்டவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. எந்தப் பெண்ணுக்கும் இல்லை. என் பாட்டி கூலிக்கு நடவு நட்டவள். அவள் வழியில் வந்த நான் இரண்டு வகையிலும் வெளியே நின்றிருப்பேன். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கணக்கு விதிகளை, யார் எழுதினார்கள் என்பதற்காக நான் ஒதுக்க மாட்டேன். அவை இப்போது எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. கிராம சபையில் வரவு செலவைப் படிக்கும்போது பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்க எங்கள் தெருப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.

படிப்பு முடிக்க ஒரு புராஜெக்ட் எழுத வேண்டும். ஏரி வாரியத்தை எடுத்திருக்கிறேன். வைரமேக தடாகம் என்று பல்லவர் காலக் கல்வெட்டுகள் சொல்லும் எங்கள் ஏரிக்கு, தனிமனிதர்கள் சபையிடம் பொன் கொடுத்து வைத்தார்கள். முதலைத் தொடாமல், வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் வண்டல் அள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நிதிப் பாடத்தில் சொல்லிக்கொடுத்த முறையில் அந்தப் பொன், வட்டி, வேலை மூன்றையும் பொருத்திப் பார்க்கப் போகிறேன். வழிகாட்டும் பேராசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார்.