மீரியபெத்தைக்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுகள்

2014 அக்டோபர் 29 காலை, இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. சேறும் பாறையும் தொழிலாளர் குடியிருந்த லயன் என்னும் வரிசை வீடுகளை மூடின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். மீட்கப்பட்டவை 12 உடல்கள் மட்டுமே. மற்றவர்கள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டனர். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

தெரிந்திருந்தும் மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? விடை மழைக்கணக்கில் இல்லை, காணியின் வரலாற்றில் இருக்கிறது.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் மலைக்காடுகள் மெல்லக் கைமாறின. உரிமைப்பத்திரம் இல்லாத நிலத்தை அரசுடைமையாகக் கொள்ள 1840இன் சட்டம் வழிசெய்தது. காடழித்துக் கோப்பி நட்டார்கள். அதற்கெனத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தவை லயன் காம்பராக்கள். வேலைக்காட்டுக்குப் பக்கத்தில் ஆட்களை வைத்திருப்பதே அவற்றின் நோக்கம். மேலே உள்ள சரிவு எப்படிப்பட்டது என்று எவரும் பார்க்கவில்லை.

1869இல் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பயிர் மாறியது, லயன் மாறவில்லை. காடழிப்பின் விளைவை அக்காலத்திலேயே உணர்ந்தவர்களும் உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைக் காக்க வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் பரிந்துரைத்தார். உச்சிக்காடுகள் சில இன்றும் நிற்பதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் கீழுள்ள சரிவுகளில் புல்பூண்டு விடாமல் சுரண்டிக் களையெடுக்கும் பழக்கம் நீடித்தது. மேல்மண் ஆற்றோடு போனது. மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வர 1951 ஆயிற்று.

எல்லாப் பழியையும் தேயிலையின் மேல் போடுவது சரியாகாது. மீரியபெத்தையின் நிலமே பழைய சரிவுகளில் உதிர்ந்து குவிந்த மண்ணாலும் பாறைத்துண்டுகளாலும் ஆனது. இடைப்பருவ மழையில் அந்தக் குவியலுக்குள் நீர் ஊறி அழுத்தம் கூடும்போது அதன் பிடி தளர்கிறது. மனிதர் வருவதற்கு முன்பும் இம்மலைகள் சரிந்தன. ஆனால் வடிகான்கள் தூர்ந்து நீர் வெளியேற வழியில்லாமல் போனால் ஆபத்து பெருகும் என்பது தோட்டத்துக் கங்காணிக்கும் தெரிந்த பாடம்தான்.

1980களின் தொடர் மண்சரிவுகளுக்குப் பிறகு அறிவியல் வேகம்பிடித்தது. 1984இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் ஆபத்துப் பகுதிகளை வரைபடமாக்கியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று அளவுகளும் வகுக்கப்பட்டன. மழைமானிகள் மலையெங்கும் நிறுவப்பட்டன. இது மதிக்கத்தக்க சாதனை.

காணி மட்டும் அந்த வேகத்தில் நகரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. இரண்டு மாற்றங்களிலும் லயன்களில் குடியிருந்தவர்களுக்கு நில உரிமை கிடைக்கவில்லை. சொந்தக் காணி உள்ளவர் விற்றோ மாற்றிக்கொண்டோ பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம். லயன்காரருக்கு வெளியேறு என்ற அறிவிப்பு ஓரிரவுக்குப் பாடசாலைக் கட்டடத்தைக் காட்டும். மழை ஓய்ந்ததும் அவர் அதே காம்பராவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

ஆபத்துள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவோர் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி பெற வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறை. எப்போதோ கட்டிய லயன்களை அந்த விதி தொடவில்லை. மீரியபெத்தையில் உயிர்தப்பியவர்கள் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நெடுநாள் முடங்கிக் கிடந்த பிறகே, அவர்களுக்குப் பூனாகலைப் பகுதியில் புதுவீடுகள் கிடைத்தன. இதற்கிடையே 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது, தோட்டக் குடும்பங்கள் காணி கேட்டு மீண்டும் குரல் எழுப்பின.