இரண்டாவது பூட்டு: எஸ்.இ.லினக்ஸ் பிறந்த கதை

வெப் சர்வரில் ஃபைல் இருக்கிறது. 777 என்று எல்லோருக்கும் எல்லா உரிமையும் தந்தாயிற்று. ஆனாலும் பிரௌசரில் 403 பிழைதான் வருகிறது. ரெட் ஹாட், ஃபெடோரா சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது பழகிய எரிச்சல். வழக்கமான பூட்டைத் திறந்தாலும் உள்ளே இன்னொரு பூட்டு இருக்கிறது. அதன் பெயர் எஸ்.இ.லினக்ஸ். அதைச் செய்து கொடுத்தது, ஒட்டுக்கேட்பதற்குப் பெயர்போன அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.!

யூனிக்ஸ் மரபில் ஒரு ஃபைலை யார் தொடலாம் என்பது அதன் உரிமையாளர் விருப்பம். ரூட்டுக்கோ தடையே இல்லை. ரூட்டாக ஓடும் புரோகிராம் ஒன்றில் ஓட்டை விழுந்தால் மொத்த மெஷினும் பறிபோகும். உரிமையாளரே நினைத்தாலும் தளர்த்த முடியாத விதி வேண்டும் என்ற யோசனை 1970களிலேயே ராணுவ ஆய்வுகளில் பிறந்துவிட்டது. 1985இல் போபர்ட், கெய்ன் இருவரும் அதற்கு நடைமுறை வடிவம் தந்தார்கள்: ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு வகை, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வகை, எந்த வகை எதைத் தொடலாம் என்பதற்கு ஓர் அட்டவணை.

1990களில் என்.எஸ்.ஏ. இதை செக்யூர் கம்ப்யூட்டிங் நிறுவனத்தோடும், பிறகு யூட்டா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து வளர்த்தது. அப்படி உருவானதுதான் 'ஃபிளாஸ்க்' கட்டமைப்பு. தீர்ப்புச் சொல்வது ஒரு பகுதி, நிறைவேற்றுவது வேறு பகுதி. ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்காமல், சொன்ன தீர்ப்புகளைச் சேமித்துவைக்கும் இடம் ஏ.வி.சி. ஆய்வுக்கூட இயங்குதளங்களிலேயே இருந்தால் ஊருக்குப் பயனில்லை என்பதால் லினக்ஸுக்குக் கொண்டுவந்து, 2000 டிசம்பரில் மூல நிரலை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டார்கள்.

2001இல் லினக்ஸ் கர்னலில் சேர்க்கக் கேட்டபோது, ஒரே ஒரு பாதுகாப்பு முறையோடு கர்னலைக் கட்டிப்போட லினஸ் டோர்வால்ட்ஸ் சம்மதிக்கவில்லை. யாருடைய முறையையும் பொருத்திக்கொள்ளும் பொதுச் சட்டகம் கேட்டார். அதுவே எல்.எஸ்.எம். அதன் வழியாக 2003இல் 2.6 கர்னலுக்குள் எஸ்.இ.லினக்ஸ் நுழைந்தது. எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு போட்ட முதல் விதித்தொகுப்பு அன்றாட வேலைக்கு ஒத்துவரவில்லை. ஆகவே 2004இல் ஃபெடோரா கோர் 3, அப்பாச்சி போல வெளி உலகத்துக்கு முகம் காட்டும் சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தியது. மறு ஆண்டு ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4உம் அதே வழியில் வந்தது.

இந்த வரலாறு தெரிந்தால் 403இன் மர்மமும் விலகும். ஹோம் டைரக்டரியில் உருவாக்கிய ஃபைலை 'எம்.வி' கட்டளையால் வெப் டைரக்டரிக்கு நகர்த்தினால், அதன் வகையைக் குறிக்கும் பழைய லேபிளும் கூடவே வரும். அப்பாச்சிக்கு அந்த வகையைப் படிக்க அனுமதி இல்லை. ஆடிட் லாகில் 'ஏ.வி.சி.' என்று வரும் வரி, எந்தப் புரோகிராம், எந்த லேபிள் உள்ள ஃபைலை, என்ன செய்யப் போய்த் தடுக்கப்பட்டது என்று சொல்லிவிடும். 'ரீஸ்டோர்கான்' ஓட்டினால் லேபிள் சரியாகும். தளத்தை வேறு டைரக்டரியில் வைத்திருந்தால், முதலில் 'செமனேஜ்' மூலம் அந்த இடத்துக்கான லேபிளைப் பதிவுசெய்ய வேண்டும். பி.எச்.பி. வேறு மெஷினில் உள்ள டேட்டாபேஸை எட்ட முடியாவிட்டால், அதற்கென்றே இருக்கும் 'பூலியன்' என்ற சுவிட்சை ஆன் செய்தால் போதும்.

தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் 'பர்மிஸிவ்' நிலை, காரணம் தேடும் நேரத்துக்கு மட்டுமே. ஆண்ட்ராய்டு 5.0 முதல் கைபேசிகளிலும் முழுமையாகக் காவல் இருப்பது இதே எஸ்.இ.லினக்ஸ்தான். அதை ஆஃப் செய்யச் சொல்லும் யோசனை எங்கே கிடைத்தாலும், முதலில் அந்த ஏ.வி.சி. வரியைப் படியுங்கள்.