தமீம் (பெயர்)

தமீம் என்பது ஆண்களுக்குச் சூட்டப்படும் அரபுப் பெயர். ‘நிறைவு’ எனப் பொருள்படும் த-ம-ம என்ற வேர்ச்சொல்லில் இருந்து பிறந்தது. நிறைவானவன், குறையற்றவன் என்று பொருள் கொள்ளலாம்.

இஸ்லாத்துக்கு முன்பே இது ஆட்பெயராகவும் குலப்பெயராகவும் இருந்தது. உமையாக்கள் காலத்துப் பெருங்கவிஞர்களான ஜரீர், ஃபரஸ்தக் இருவரும் பனூ தமீம் குலத்தவர்கள். 2013 முதல் கத்தாரின் அமீராக இருப்பவரின் பெயரும் தமீம்தான்.

தமிழகத்தில் இப்பெயரோடு தொடர்புடைய ஊர் கோவளம். தாம்பரத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் வரும் இக்கடலோர ஊரில் தமீம் அன்சாரி தர்கா உள்ளது. அங்கு அடங்கியிருப்பவர் நபித்தோழர் என்பது மக்களின் நம்பிக்கை. சென்னையின் தென்புறநகர்களில் இருந்து பிற சமயத்தாரும் இங்கு வருகின்றனர்.

வரலாற்று நூல்களில் புகழ்பெற்ற நபித்தோழர் தமீம் அத்-தாரீ. இவர் பாலஸ்தீனப் பகுதியைச் சேர்ந்தவர். கிறித்தவராக இருந்து ஹிஜ்ரி 9-இல் இஸ்லாத்தை ஏற்றவர். அன்சாரி என்பதோ நபிக்கு உதவிய மதீனாவாசிகளின் அடைமொழி. அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தாருக்கே அது உரியது, தாரீக்குப் பொருந்தாது. ஆகவே இருவரையும் ஒருவராகக் கொள்வது கடினம். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் சான்றாகிவிடாது.

தமிழ் முஸ்லிம்களிடம் ‘தமீமுன் அன்சாரி’ ஒரே பெயராகவே வழங்குகிறது. முன்னாள் நாகப்பட்டினம் சட்டமன்ற உறுப்பினர் மு. தமீமுன் அன்சாரி பலரும் அறிந்த உதாரணம். அதிலுள்ள ‘உன்’ அரபு இலக்கணத்தின் எழுவாய் விகுதி. அரபியர் அன்றாடப் பேச்சில் அதை விட்டுவிடுகிறார்கள். தமிழர் நாவில் அது நிலைத்துவிட்டது.