சுரண்டைக்கு வந்த ராடார்

1940 ஆகஸ்ட் கடைசி. லண்டன் கம்பர்லாந்து ஓட்டலில் ஓர் அறைக் கட்டிலுக்கு அடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று கிடந்தது. ஓட்டலின் இரும்புப் பெட்டகத்துக்குள் அது நுழையவில்லை, அதனால்தான் கட்டிலடி. மறுநாள் காலை டாக்ஸிக்காரர் அதை வண்டிக்குள் வைக்க விடவில்லை, கூரையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யூஸ்டன் ரயில் நிலையத்தில் ஒரு போர்ட்டர் அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் விறுவிறுவென்று நடக்க, பெட்டிக்குப் பொறுப்பான எடி போவென் என்ற இளம் இயற்பியலாளர் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே ஓடினார். உள்ளே இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு செம்புக் கட்டி. நடுவில் வட்டமாகத் துளைகள் குடைந்திருக்கும். பெயர் மேக்னட்ரான்.

அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இருவர் அதை முதன்முதலில் இயக்கிக் காட்டியிருந்தார்கள். சுமார் பத்து சென்டிமீட்டர் நீள அலைகளை, அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத பலத்தோடு அது கக்கியது. அவ்வளவு சின்ன அலை கிடைத்தால் ராடாரை விமானத்துக்குள்ளேயே பொருத்தலாம். கடல் மட்டத்தில் தலை நீட்டும் நீர்மூழ்கியைக்கூட இருட்டில் பிடித்துவிடலாம். போரில் கை ஓய்ந்திருந்த பிரிட்டன், அதைப் பெருமளவில் செய்து தரும்படி அமெரிக்காவிடம் கொடுக்க முடிவு செய்தது. டச்சஸ் ஆஃப் ரிச்மண்ட் என்ற கப்பலில் ஏறி செப்டம்பர் முதல் வாரம் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறங்கியது பெட்டி.

தென்காசிப் பக்கத்துச் சுரண்டையில் ஒரு வீட்டு அடுக்களையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், தலையில் துண்டு போட்டு மூடி வைத்திருக்கும் மைக்ரோவேவ் அவனுக்குள் இருப்பதும் அதே சாதிச் சாமான்தான். உருவம் இளைத்திருக்கிறது, விலை குறைந்திருக்கிறது, வேலைதான் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எந்த வேலைக்காகக் கொண்டுவந்தார்களோ அதை மட்டும் இது எந்த ஊரிலும் ஒழுங்காகச் செய்ததில்லை என்பது என் கட்சி.

அமெரிக்காவில் மேக்னட்ரானை மூட்டை மூட்டையாகச் செய்தது மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரேதியான் நிறுவனம். அங்கே பெர்ஸி ஸ்பென்சர் என்றொரு பொறியாளர். ஆரம்பப் பள்ளியைக்கூட முடிக்காதவர், கையால் தொட்டுத் தொட்டே மின்சாரம் கற்றவர். 1945இல் ஓடிக்கொண்டிருந்த மேக்னட்ரான் ஒன்றின் அருகில் நின்றபோது அவர் சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகி ஒழுகியது. அடுத்து சோளம் வைத்துப் பார்த்தார், பொரிந்தது. முட்டை வைத்தார், வெடித்தது. அந்த அக்டோபரிலேயே காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள். 1950 ஜனவரியில் கிடைத்தது.

முதலில் வந்த அவனின் பெயர் ராடாரேஞ்ச், ஆறடி உயரம், 340 கிலோ எடை. குளிரூட்டத் தனியாகத் தண்ணீர்க் குழாய் வேண்டும். கப்பலும் பெரிய உணவகமும்தான் அதை வாங்க முடியும். 1955இல் டாப்பன் நிறுவனம் வீட்டுக்கென்று ஒன்று செய்து 1,295 டாலர் விலை சொன்னது, வாங்க ஆளில்லை. நடுவே லண்டன் மில் ஹில்லில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற விஞ்ஞானி, உறைய வைத்த வெள்ளெலிகளை உயிர்ப்பிப்பதற்கு மேக்னட்ரான் சூட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கும் சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார். 1967இல் அமானா நிறுவனம் மேசை மேல் வைக்கும் அளவில் 495 டாலருக்குக் கொடுத்த பிறகே அமெரிக்க வீடுகள் கதவைத் திறந்தன.

ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1966இல் சேர்த்த சுழல் தட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பெட்டிக்குள் அலைகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றின் மேல் ஒன்று விழும்போது சில இடத்தில் கூடும், சில இடத்தில் அற்றுப்போகும். இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஓர் அப்பளத்தை அவனில் வையுங்கள். முதல் பத்து விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் ஒரு கொப்புளம், நடுவில் இன்னொன்று, அங்கங்கே வெள்ளைத் திட்டுகளாக எழும்பும். இடையிடையே மஞ்சளாகப் பச்சை அப்பளம் அப்படியே கிடக்கும். அலை எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்பதற்கு அப்பளமே வரைபடம். தட்டு சுற்றினாலும் திட்டு முழுசாக மறைவதில்லை, குறைகிறது. எண்ணெய் இல்லாமல் அப்பளம் பொரித்த அதிசயத்தைக் காட்டித்தான் நம் ஊர்க் கடைக்காரர்கள் எத்தனையோ அவன்களை விற்றார்கள்.

இந்தியக் கதவு 1991 பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு அகலத் திறந்தது. சாம்சங் 1995இலும் எல்ஜி 1997இலும் இங்கே கடை விரித்தன. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் பெட்டி இன்னொரு வழியாகவும் வந்தது: வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வரும்போது போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு ஆடித் தள்ளுபடி. தென்காசியிலோ திருநெல்வேலியிலோ பெரிய கடையில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனவர்கள், தவணையில் இதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகளுக்குச் சீர் வரிசையில் வைத்தால் கௌரவமாக இருந்தது.

சுரண்டை அப்படியொன்றும் உறங்குகிற ஊர் இல்லை. காய்கறிச் சந்தை விடியும் முன்பே கலகலக்கும். கத்தரியும் தக்காளியும் மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகும். 2021இல் பேரூராட்சி நகராட்சியும் ஆயிற்று. ஆனால் பழைய வீடுகளின் ஒயரிங், விளக்குக்கும் விசிறிக்கும் போட்டது. அடுக்களையில் ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்று, அதில் மிக்ஸி. சாதாரண மைக்ரோவேவ் 1,200 வாட் இழுக்கும், கேக் சுடும் வகை 2,000 வாட்டுக்கு மேலும் இழுக்கும். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினிலிருந்து தனி ஒயர் இழுத்து, பதினைந்து ஆம்பியர் பவர் பிளக் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி வந்து பல நாள் அட்டையைக்கூடப் பிரிக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்த வீடுகள் உண்டு. அதற்குப் பிறகு 2012இன் மின்வெட்டு. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுரண்டையைச் சுற்றிலும் காற்றாலைகள் இறக்கை சுழற்றிக்கொண்டு நிற்க, அடியில் உள்ள வீட்டில் அவன் செத்துக் கிடந்தது. இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

கரண்ட் வந்தாலும் பெரிய தடை ஒன்று இருந்தது: நம் அடுக்களையே எவர்சில்வர். சாம்பார் வாளி முதல் தூக்குச்சட்டி வரை அத்தனையும் அவனுக்கு ஆகாது. உலோகத்தில் பட்ட அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும். விளிம்பு கூராக இருந்தால் பொறி பறக்கும். கல்யாணத்தில் வந்த தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டுகூடப் படபடவென்று வெடிக்கும். ஆக, நேற்றைய குழம்பை வாளியிலிருந்து போரோசில் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, சூடாக்கி, கிண்ணத்தையும் கழுவி வைக்க வேண்டும். "கேஸ்ல வச்சா ரெண்டு நிமிஷத்துல கொதிச்சிரும், இதுக்கு எதுக்குட்டி இம்புட்டு பாடு?" என்று அந்தக் காலத்து மாமியார் மருமகளிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அவனோடு வரும் செய்முறைப் புத்தகத்தில் பதில் இல்லை.

அந்தப் புத்தகம் ஒரு தனிக் கதை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். ஆட்டோ குக் என்று நூற்றுக்கு மேல் எண்கள். பெரும்பாலும் வடநாட்டு பனீரும் கேரட் அல்வாவும், போனால் போகிறதென்று இட்லி. நம் சமையலைக் காதும் மூக்கும்தான் நடத்துகின்றன. கடுகு வெடிக்கும் சத்தம், வெங்காயம் வாசனை மாறும் கணம், சோறு கொதிக்கும் தாளம். பெட்டிக்குள் எதுவும் பேசாது; கடைசியில் கீங் என்று மணி அடிக்கும், அவ்வளவுதான். தாளிப்பு அதில் ஒருகாலும் அமையாது. நுண்ணலை தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்து ஆட்டித்தான் சூடு கிளப்புகிறது. எண்ணெயில் அந்தப் பிடி இல்லாததால் அது மெல்ல மெல்லத்தான் காயும். கடுகு வெடிப்பதற்குள் பொறுமை போய்விடும். புட்டும் உப்புமாவும் பிழைத்துக்கொள்ளும். இட்லி வெந்துவிடும், ஆனால் ஆறினால் தோல் மாதிரி இழுக்கும்.

எது நிலைத்தது என்று பார்த்தால் சிரிப்பாக வரும். குற்றாலச் சாரல் காற்று இந்தப் பக்கம் வீசும் ஆனி, ஆடியில் நமத்துப் போகிற சிப்ஸும் முறுக்கும் முப்பது விநாடியில் மொறுமொறுப்பாகிவிடும். வறுத்த கடலையும் அப்படியே. கறிவேப்பிலையை இரண்டு நிமிடம் வைத்தால் நிறம் கெடாமல் நொறுங்கும், பொடி அரைக்கலாம். பூண்டைச் சில விநாடி காட்டினால் தோல் கழன்று வரும். புத்தகத்தில் எண் போடாத இந்த வேலைகளை அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லியே கற்றார்கள்.

கேக் ஆசை அவனுக்கு முன்பே இருந்தது. அடிகனமான அலுமினியச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டிச் சுடவைத்து, அதன் மேல் டப்பாவை இறக்கி, மூடிபோட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்து எடுத்த கேக்கைத் தின்று வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மைக்ரோவேவ் வந்ததும் மாவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஐந்து நிமிடத்தில் எடுத்தார்கள். உப்பியது, வெந்தது, ஆனால் மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது, பத்து நிமிடம் ஆறியதும் ரப்பர். தண்ணீரை ஆட்டிச் சூடாக்கும் முறையில் மாவின் மேற்பரப்பு நூறு டிகிரியைச் சுற்றியே நின்றுவிடும். சிவந்து மணக்க 140 டிகிரிக்கு மேலே போக வேண்டும். அதற்குத்தான் கன்வெக்‌ஷன் வகை. அதில் பின்சுவரில் ஒரு சூட்டுக் கம்பியும் மின்விசிறியும் இருக்கும்.

இங்கேதான் வேடிக்கை. கன்வெக்‌ஷன் பொத்தானை அழுத்திவிட்டால் மேக்னட்ரான் படுத்துவிடும். கம்பி காய்கிறது, விசிறி காற்றைச் சுழற்றுகிறது, கேக் வேகிறது. அட்லாண்டிக் தாண்டி வந்த செம்புத் துண்டுக்கு அந்த முப்பத்தைந்து நிமிடமும் வேலையே இல்லை. மைக்ரோவேவ் அவனில் கேக் சுடக் கற்றவர்கள் கற்றது மைக்ரோவேவை நிறுத்தி வைக்கத்தான்.

கற்பதும் சுலபமாக இல்லை. 180 டிகிரிக்கு முதலில் காலிப் பெட்டியைச் சூடாக்க வேண்டும். கதவை அடிக்கடி திறந்தால் நடு அமுங்கும். கன்வெக்‌ஷனில் அலுமினிய டின் வைக்கலாம், மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்ற குழப்பம் வேறு. டின்னைத் தட்டில் நேரே வைக்காமல் கம்பி ஸ்டாண்டில் வைக்க வேண்டும், இல்லையென்றால் அடி வேகாது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் கணக்கு பொய்க்கும். மின்சாரக் கட்டணமும் கண்முன் நிற்கும்: பால் சூடாக்குவது கொசுறு, கேக்குக்கு ஒரு தடவை ஒரு யூனிட்டுக்கு மேல் ஓடலாம். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசமாயிற்று. 500ஐத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும் என்பதால் டிசம்பரில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சுடுகிறவர்கள் உண்டு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பேக்கரிகள் மூடியபோதுதான் பெட்டிக்கு நல்ல காலம் பிறந்தது. பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று யூடியூப் பார்த்துச் செய்தவர்கள் அடுத்த தெருவுக்கும் செய்து கொடுத்தார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று ஆர்டர் வந்தது. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கான பதிவுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே கிடைக்கிறது. தோலைத் துருவிப் போட்டால் எசன்ஸ் தேவையில்லை. கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஊற்றினால் சீனி கேக்கைவிட ஈரம் தங்கும், நிறமும் சீக்கிரம் பிடிக்கும். அதனால் பத்து டிகிரி குறைத்து வைப்பார்கள். எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் கருப்பட்டிக்கு எண் கிடையாது.

ஆர்டர் பெருகியவர்கள் அத்தோடு நிற்கவில்லை. மேலும் கீழும் கம்பி உள்ள ஓடிஜி என்ற மின்னடுப்பு வாங்கிப் போட்டார்கள்; அதில் மேக்னட்ரானே கிடையாது. மைக்ரோவேவ் மறுபடி பால் சூடாக்கவும் வெண்ணெய் இளக்கவும் போய்ச் சேர்ந்தது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. தன்னால் முடிந்ததை அது செய்துகொண்டிருக்கிறது.

பிறகு மெக்கானிக் காலம். பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மைக்கா தகட்டில் குழம்பு தெறித்துத் தெறித்துக் கருகும். ஒருநாள் உள்ளே நீலப் பொறி பறக்கும், அவன் போச்சு என்று அலறுவார்கள். பெரும்பாலும் தகடு மட்டும்தான் போயிருக்கும். புதுத் தகட்டைக் கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டி மாட்டினால் தீர்ந்தது. மற்ற பழுதுகளுக்குக் காரணம் எறும்பும் பல்லியும்.

"கரண்ட்ட புடுங்கியாச்சாக்கா?"

"காலைலேயே புடுங்கிட்டேன் தம்பி. நீ மூடியத் தொறக்க எதுக்கு இம்புட்டு யோசிக்க?"

"இதுல மட்டும் யோசிக்கணும்க்கா. பிளக்க எடுத்தாலும் கெப்பாசிட்டர் அடிச்சிரும்."

உண்மைதான். உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து மேக்னட்ரானுக்கு நாலாயிரம் வோல்ட் வரை ஏற்றித் தருகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை இறக்காமல் அனுபவமுள்ள மெக்கானிக் கை வைக்க மாட்டார்.

மேக்னட்ரானே போய்விட்டால் மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் காயலான் கடைதான். சுழல் தட்டை மட்டும் யாரும் கொடுப்பதில்லை. கனமான கண்ணாடி, கொழுக்கட்டை ஆறவைக்க உதவும். கடைக்காரர் பெட்டியை இரும்பு விலைக்கு எடைபோடுவார். டிரான்ஸ்பார்மருக்குத் தனி விலை. சுற்றியிருக்கும் கம்பியைக் கத்தி முனையால் லேசாக வழித்துப் பார்ப்பார். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, நல்ல காசு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இப்போது நிறைய அவனில் அதுதான் வருகிறது. "இதுல ஒண்ணும் தேறாது அண்ணாச்சி" என்று தராசை இறக்கிவிடுவார். பேரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.